நர்சிங் சேரலாமா என்று கேட்ட மகளுக்கு

கேள்வி:

"மேடம், எனக்கு 18 வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் உயிரியல் குரூப் எடுத்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். நீட் எழுதினேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. பி.எஸ்சி. நர்சிங் சேரலாமா என்று யோசிக்கிறேன். அப்பா மார்க்கெட்டில் லோடு இறக்குகிறார். 'ராத்திரி டியூட்டி பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம், நாளைக்கு மாப்பிள்ளை அமையாது' என்கிறார். அம்மா, டவுன் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பி.எட். முடி என்கிறார். மாமா பெங்களூரில் ஒரு நர்சிங் காலேஜில் சீட் வாங்கித் தருகிறேன், ஏஜெண்டுக்கு 25,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள் என்கிறார். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கிலீஷும் வராது. டாக்டர் ஆக முடியாததால் நர்ஸ் ஆக நினைப்பது தப்பா? அப்பத்தா படுக்கையில் கிடந்தபோது பத்து மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அது வேற. நான் என்ன செய்யட்டும்?"

பதில்:

அன்பு மகளே,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா கேட்கும் அந்த 25,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் முன்பணம் கொடுத்த பிறகு யோசித்துப் பயனில்லை. அந்தப் பணம் திரும்பி வராது என்ற பயத்திலேயே பிடிக்காத கல்லூரியில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஏன் வேண்டாம் என்பதைப் பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்து 14 வருடம் வார்டில் வேலை செய்தவள். அதன்பின் மேலே படித்து 16 வருடம் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தினேன். உன் வயதுப் பிள்ளைகள் முதல் நாள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பயந்து நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். அதனால் 'சேவை மனப்பான்மை இருந்தால் போதும்' என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி வந்து, ஆறே மாதத்தில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

டாக்டர் ஆக முடியாததால் நர்ஸ் ஆக நினைப்பது தப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்பில்லை. என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேராவது அப்படி வந்தவர்கள்தான். ஆனால் ஒன்றை நீ இப்போதே உனக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதப் போகிறாயா? ஆம் என்றால் அதை மட்டும் செய். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று நர்சிங்கில் ஒரு சீட்டைப் பிடித்து வைக்காதே. முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், சத்துணவு, அதோடு வார்டுப் பயிற்சி என்று நெருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்து இரண்டிலும் கோட்டை விட்டவர்களே அதிகம். நடுவில் விலகினால் சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்கே அலைய வேண்டும். உன் சீட்டுக்காகக் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேராது.

டாக்டர் வேலையும் நர்ஸ் வேலையும் ஒரே ஏணியின் மேல்படியும் கீழ்படியும் என்று நினைக்காதே. டாக்டர் வார்டுக்கு வந்து, பார்த்து, மருந்து எழுதிவிட்டுப் போவார். நோயாளியோடு இருப்பது நர்ஸ். மூன்று மணிக்கு இருந்த மூச்சு நான்கு மணிக்கு மாறிவிட்டது என்பதை அவள்தான் கவனிக்க வேண்டும். அந்த மாற்றத்தைப் பார்த்து, இது டாக்டரை எழுப்ப வேண்டிய விஷயமா, தலையணையைச் சரிசெய்தால் தீருகிற விஷயமா என்று முடிவெடுப்பது முழுக்க முழுக்க அவள் அறிவு. இதை ஒரு வேலையாக உனக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

ரத்தத்தைப் பற்றிப் பயப்படாதே. ரத்தம் பார்த்து மயங்குவது மனசு பலவீனம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அது உடம்பின் ஒரு அனிச்சைச் செயல். திடீரென்று இதயத் துடிப்பு குறைந்து, பி.பி. இறங்கி, மூளைக்கு ரத்தம் போவது சில நொடிகள் குறைகிறது. அதனால்தான் கண் இருட்டுகிறது. முதல் தடவை ஆபரேஷன் தியேட்டரிலோ பிரசவ அறையிலோ நின்று சரிந்த மாணவிகளை நான் கையில் தாங்கியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி இப்போது தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். தலை சுற்றுகிற மாதிரி தோன்றியதும் தொடைத் தசையையும் கைகளையும் இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும். அது பி.பி. இறங்காமல் தாங்கும். முடியாவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். பார்க்கப் பார்க்கப் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.

ரத்தத்தைவிடக் கஷ்டமானது நாற்றம். சர்க்கரைப் புண் அழுகிய கால், வாரக்கணக்கில் திருப்பிப் போடாமல் கிடந்தவரின் முதுகுப் புண், கழிவைத் துடைப்பது. அதையும்விடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1988. எனக்கு 19 வயது. இரண்டாம் வருட மாணவி. இரவு டியூட்டி. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, 40 கட்டிலுக்கு மேல். ஒரு ஸ்டாஃப் நர்ஸும் மாணவிகள் இரண்டு பேரும்தான். இரவு 2 மணிக்கு எல்லோருக்கும் பி.பி. பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் முந்தின நாள் சிசேரியன் ஆன ஒரு அம்மா. குழந்தையை அணைத்துக்கொண்டு கண்மூடிப் படுத்திருந்தார். நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். எழுப்ப மனசு வரவில்லை. இரக்கத்தில்தான் எழுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் என் கால் வலித்தது என்பதும் உண்மை. சார்ட்டில் 120/80 என்று எழுதிவிட்டேன்.

3 மணி வாக்கில் ஸ்டாஃப் நர்ஸ் சுற்றி வந்தவர் அந்த அம்மாவின் கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. நெற்றியில் வியர்வை. நாடி பிடித்தார், 130க்கு மேல் ஓடியது. சார்ட்டைப் பார்த்தார், 120/80. என்னைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை கேட்டார்: "பார்த்தியா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நன்றாக இருந்தவருக்கு இப்போதுதான் ஏதோ ஆகியிருக்கிறது என்று டாக்டர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். "பார்க்கல சிஸ்டர்" என்றேன். உள்ளே ரத்தக் கசிவு. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

விடிந்த பிறகு அந்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. சார்ட்டை எடுத்து, நான் எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதி, என்னைக் கையெழுத்துப் போட வைத்தார். "அழிக்கக் கூடாது. அடித்தது தெரிகிற மாதிரி அடிக்கணும்" என்றார். இன்றைக்கும் எங்கள் தொழிலில் பதிவேட்டு விதி அதுதான். வாழ்க்கையில் நான் படித்த பாடங்களில் அதைப் போல வேறெதுவும் என்னைப் பிடித்து உலுக்கியதில்லை.

அதனால் நர்சிங் உனக்கு ஒத்துவருமா என்று பார்க்க ரத்தத்தை அளவாக வைக்காதே. உன் வாயிலிருந்து "பார்க்கல" என்ற வார்த்தை வருமா? பள்ளியில் லேபில் ஒரு பிப்பெட் உடைந்தபோது என்ன செய்தாய்? வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தபோது யார் மேல் பழி போட்டாய்? யாரும் பார்க்காத நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்கிற பழக்கம் உனக்கு இருக்கிறதா? இதற்கான பதில் உனக்கு மட்டும்தான் தெரியும். மற்றதை எல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடுவோம், ஊசி போடுவது உட்பட.

இப்போது நீ ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அப்பத்தாவைப் பத்து மாதம் பார்த்துக்கொண்டேன், ஆனால் அது வேற என்கிறாய். என்ன வேற? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டாயா? முதுகில் புண் வராமல் பார்த்தாயா? சிறுநீர் நிறம் மாறினால் கவனித்தாயா? எதை ஊட்டினால் புரையேறும், எதை ஊட்டினால் இறங்கும் என்று உனக்குத் தெரிந்ததா? அப்படியென்றால் முதல் வருடத்தில் நாங்கள் நடத்தும் பாடத்தில் பெரிய பகுதியை நீ பெயர் தெரியாமலே செய்திருக்கிறாய்.

ஆனாலும் உன் வார்த்தையில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பத்தா உன்னைத் தூக்கி வளர்த்தவர். வார்டில் கிடப்பவர் யாரோ ஒருவர். சில நேரம் குடித்துவிட்டு விழுந்து வந்தவர், சில நேரம் உன்னை வாய்க்கு வந்தபடி பேசுகிறவர். அப்பத்தா ஒருவர், இங்கே 30 பேர். பாசத்தால் செய்ததைப் பாசமே இல்லாத இடத்திலும் அதே சுத்தத்தோடு செய்ய முடியுமா என்று நீ பார்க்க வேண்டும். அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. ஒரு நாள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கே போவது? உங்கள் ஊருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் இருப்பார். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ அவர் வருவார். போய், "அக்கா, நர்சிங் சேரலாமான்னு யோசிக்கிறேன், ஒரு நாள் கூட இருந்து பார்க்கட்டுமா?" என்று கேள். குழந்தைகளின் எடை எழுதவோ, கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைக்கவோ உன்னை உதவிக்கு வைத்துக்கொள்வார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போகும் செவிலியரும் உண்டு. அவரோடு ஒரு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உறவிலோ தெருவிலோ யாராவது பெரியாஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்தால் துணைக்கு ஓர் இரவு போய் இரு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற நேரம் போக, நர்ஸைப் பார். சிரிக்கிறாரா, சிடுசிடுக்கிறாரா என்று பார்க்காதே. கையைப் பார். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை உட்கார்ந்தார், எத்தனை வேலை பாதியில் நின்றது, டிரிப்ஸ் தீர்ந்ததை யார் முதலில் கவனித்தார், விடியற்காலை கேஸ் ஷீட் எழுதும்போது முகம் எப்படி இருந்தது என்று பார். காலையில் வீட்டுக்கு வந்ததும் உனக்கே தெரியும். 'ஐயோ' என்று இருந்தால் அதையும் மதி. நர்சிங் இடங்களுக்கு நடக்கும் அதே கவுன்சிலிங்கில் பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி போன்ற படிப்புகளும் இருக்கின்றன. அம்மா சொல்லும் கெமிஸ்ட்ரியும் பி.எட்.டும் மோசமான வழி அல்ல, பாடம் நடத்தப் பிடிக்கும் என்றால்.

இங்கிலீஷ் விஷயத்தில் உனக்குத் தைரியம் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. நானும் தமிழ் வழியில் படித்தவள். முதல் ஆறு மாதம் அழுகை வரும். புத்தகம், பரீட்சை, கேஸ் ஷீட் எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் மருத்துவ இங்கிலீஷ் ஒரு சின்ன உலகம். 'டேக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மெதுவு, 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு என்று துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தால், நூறு துண்டுகளில் ஆயிரம் வார்த்தை வந்துவிடும். என் மாணவிகளைத் தினமும் 20 வார்த்தை எழுத வைப்பேன். முதல் வருட முடிவில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதைவிட முக்கியமான ஒன்று, உன் தமிழ். அதை நீ குறையாக நினைக்கிறாய். வார்டில் அதுதான் ஸ்டெதஸ்கோப்புக்கு அடுத்த கருவி. நெஞ்சில் என்ன செய்கிறது என்று கேட்டால் நம் மக்கள் வலி என்று சொல்லமாட்டார்கள். கரிக்குது என்பார்கள், அடைக்குது என்பார்கள், பிசையுது, படபடங்குது, குத்துது, இழுக்குது, பாரமா இருக்குது என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு. கரிக்குது என்று சொன்ன வயதான அம்மாவுக்கு வாயு மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தபோது, "எப்பவும் வர்ற கரிப்பா, புதுசா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இல்ல சாமி, இது தாடை வரைக்கும் ஏறுது" என்றார் அந்த அம்மா. ஈ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல நேரம் இப்படித்தான் வேறு வேஷத்தில் வரும். அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது, அவள் வீட்டில் பேசுகிற தமிழால்.

பெங்களூரை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் வார்டில் நோயாளி கன்னடம் பேசுவார். கற்றுக்கொள்கிற நான்கு வருடமும் நோயாளியின் வாய்மொழி உனக்குப் பாதிதான் புரியும்.

பெரிய காரணம் வேறு. நர்ஸை உருவாக்குவது கல்லூரிக் கட்டடம் இல்லை, அதன் பின்னால் இருக்கும் மருத்துவமனை. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: பயிற்சிக்கு எந்த மருத்துவமனை? எத்தனை கட்டில்? அதில் உண்மையில் ஆள் படுத்திருக்கிறார்களா? சொந்த மருத்துவமனையே இல்லாமல், வாரத்தில் இரண்டு நாள் வேனில் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கூட்டி வருகிற கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் பட்டம் வாங்கிய பிறகும் தனியாக ஒரு ஐ.வி. (நரம்பு வழி ஊசி) போடக் கை நடுங்குவார்கள். இது அவர்கள் குற்றமில்லை. ஏஜெண்டு உனக்குக் கட்டடத்தின் போட்டோவைக் காட்டுவார். நீ மூன்றாம் வருட மாணவி ஒருத்தியிடம் பேசாமல் பணம் கட்டாதே. "இதுவரை எத்தனை பிரசவம் நீயே கை வைத்துப் பார்த்தாய்?" என்று கேள். அவள் சொல்லும் எண்ணில் கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

உனக்கு ஏஜெண்டே தேவையில்லை, மகளே. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி கவுன்சிலிங் நடத்துகிறது. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி ஆகிய ஊர்களில் அரசு செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அவற்றுக்கும் இதே கவுன்சிலிங்தான். தனியாரில் கிடைத்தால் படிப்புக் கட்டணம் போக ஹாஸ்டல், மெஸ், பஸ், யூனிஃபார்ம், பயிற்சிக் கட்டணம் என்று நான்கு வருடத்துக்கும் எவ்வளவு ஆகும் என்பதை எழுதி வாங்கிக்கொள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. கிடைக்காவிட்டால் உடனே மனம் உடையாதே. அரசு மருத்துவமனைகளோடு இருக்கும் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. செலவு குறைவு, வார்டு அனுபவம் அதிகம். பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம். நான் வந்த வழி அது. நோயாளி நிறைந்த அரசு மருத்துவமனையில் ஜி.என்.எம்.மா, கட்டில் காலியாகக் கிடக்கும் இடத்தில் மேனேஜ்மெண்ட் கோட்டா பி.எஸ்சி.யா என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு ஜி.என்.எம். என்பேன்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஒரு வருட நர்சிங் டிப்ளமோ' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அதைப் படித்தவர்களை மாநில நர்சிங் கவுன்சில் நர்ஸாகப் பதிவு செய்யாது. பதிவு எண் இல்லாவிட்டால் அரசு வேலையும் கிடையாது, வெளிநாடும் கிடையாது. சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாளர் சம்பளத்தில் காலம் போய்விடும். கல்லூரி மாநிலக் கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் இருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று நீயே இணையதளத்தில் பார். ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொண்டு 'எங்கள் ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் வேலை செய்' என்று பாண்டு கேட்கும் இடங்களும் உண்டு. பாண்டு கூடாது என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நிலைப்பாடு. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

சம்பளத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் லோடு இறக்கும் அப்பாவின் மகள் அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். என்னிடம் படித்தவர்கள் மாவட்டத் தலைநகரங்களில் தனியார் மருத்துவமனைகளில் முதலில் சேர்ந்தபோது பெரும்பாலும் 12,000 முதல் 18,000 ரூபாய்தான் வாங்கினார்கள். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, சின்ன தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 கட்டிலுக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் பல இடங்களில் காகிதத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ராத்திரி முழுக்க ஓர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு இது நியாயமான கூலி இல்லை.

அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக. அதிலும் ஆரம்பம் பெரும்பாலும் தொகுப்பூதியம். 2015இல் எடுத்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். 2017இல் அவர்கள் சென்னையில் கூடிப் போராடினார்கள். அப்புறம் தொகை உயர்ந்தது, ஆனால் நிரந்தரம் ஆகப் பல வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசு மருத்துவமனைகள் வேறு மாதிரி. எய்ம்ஸ் நடத்தும் தேர்வில் வென்று நர்சிங் ஆபீசர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்கும். அந்தப் பரீட்சைக்கு மூன்றாம் வருடத்திலிருந்தே படிக்க வேண்டும்.

உன் நீட் மார்க்கும் முழுதாக வீணில்லை. புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேரவும், ராணுவ நர்சிங் சேவையில் சேரவும் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். ராணுவத்தில் படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட் பதவி. திருமணம் ஆகாத பெண்களுக்கானது, போட்டி அதிகம். அறிவிப்பைப் பார்த்து உன் மார்க்குக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்.

வெளிநாடு பற்றி ஏஜெண்டுகள் நிறையச் சொல்வார்கள். வழி இருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் படித்து முடித்து ஓரிரு வருட வார்டு அனுபவம் கேட்பார்கள், இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, வளைகுடாவுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு. தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது, நேரம் வரும்போது அங்கே போ. அது நான்கைந்து வருடம் கழித்து யோசிக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, அப்பா. அவரைப் பழமைவாதி என்று நீ நினைக்காதே. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஒரு அரசு மருத்துவமனைக்குள்ளேயே இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை அவரும் டிவியில் பார்த்திருப்பார். அவர் பயம் நியாயமானது. பல இடங்களில் இரவு டியூட்டி 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடியும். அதனால் அவரோடு வாக்குவாதம் செய்யாமல் கல்லூரிக்கு அவரையே கூட்டிப் போ. ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம், இரவில் மாணவிகளை யார் கூட்டிப் போகிறார்கள், வார்டில் பூட்டக்கூடிய ஓய்வறையும் கழிப்பறையும் இருக்கிறதா, பாலியல் தொல்லை புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரே கேட்கட்டும். பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரி உனக்கு வேண்டாம். முதல் வருடம் பயிற்சிக்குப் போகும் முன்பே மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை போடுவார்களா என்பதையும் கேட்கச் சொல்.

மாப்பிள்ளை அமையாது என்ற பேச்சு எங்கள் காலத்திலும் இருந்தது. கண்டவர்களையும் தொட்டுத் துடைக்கிற வேலை என்று என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் எழுந்து போனது. பிறகு வந்தவர் என் நைட் டியூட்டி நாட்களில் குழந்தைக்குச் சோறு ஊட்டினார். அப்பாவிடம் இதை நீ வாதமாகச் சொன்னால் எடுபடாது. அப்பத்தாவுக்கு நீ செய்ததை அவர் பத்து மாதம் பார்த்திருக்கிறார். "அப்பத்தாவுக்குச் செஞ்சதுதாம்ப்பா இந்த வேலை, அதைப் படிச்சுச் செய்யப் போறேன்" என்று மட்டும் சொல். கோபத்தில் இல்லாத ஒரு நேரம் பார்த்துச் சொல்.

கவுன்சிலிங் அறிவிப்பை விட்டுவிடாதே, விண்ணப்பிக்கச் சில வாரங்களே கொடுப்பார்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்றை இ-சேவையில் இப்போதே வாங்கி வை. விண்ணப்பித்தால் சேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. நடுவில் வருகிற ஒரு புதன்கிழமை அந்த செவிலியர் அக்காவோடு போய் இருந்துவிட்டு, உனக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. பிடிக்கவில்லை என்றாலும் எழுது.